பிலாஸ்பூரில் ஒரு கல்யாண மண்டபம்

செல்வபாண்டி மாமா அந்த ஊரை அழிக்கப் பதினோரு நொடி எடுத்துக்கொண்டார். அதைக் கட்டி முடிக்க அங்கயற்கண்ணிக்கும் கிலேஷ்வரிக்கும் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஒரு ஆறு, அதன் மேல் பதினாறு பாலம், பாலங்களுக்கு அடியில் மீன்சந்தை, யாரும் படிக்க வராத ஒரு நூலகம். விளையாட்டுக்குள் இருந்த ஊர்தான். போடியிலிருந்து அங்கையும் பிலாஸ்பூரிலிருந்து கிலேஷ்வரியும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கரையில் நின்று கட்டிய ஊர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை, மாமா தன் போனில் பிள்ளைகளைக் கண்காணிக்கிற 'காப்பு' செயலியைத் திறந்தார். கிலேஷ்வரி பெயரைத் தொட்டார். 'தகாதது, நீக்கு' என்பதை அழுத்தினார். அங்கை ஹெட்செட்டோடு நடுப்பாலத்தில் நின்றிருந்தாள். கிழக்கிலிருந்து ஒவ்வொரு பாலமாகக் காணாமல் போய்க்கொண்டே வந்தது. அவள் எண்ணினாள். நொடிகளை எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

ஹெட்செட்டைக் கழற்றியபோது மாமா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அந்த வடக்கத்திப் புள்ளகிட்ட என்னயப் புடிக்கலன்னு சொன்னியாமே," என்றார். குரல் உயரவே இல்லை. "இப்ப ஊரும் இல்ல, அந்தப் புள்ளயும் இல்ல. இனி யார்கிட்ட போயிச் சொல்லுவ?"

அம்மா எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, விளையாட்டுத்தானே, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்காதடி என்றாள்.

காப்பு, நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்த சட்டம். பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளை எந்த விளையாட்டுக்குள் போனாலும் காப்பு கூடவே போகும். அங்கே யார் என்ன பேசினாலும் கேட்கும். ஹெட்செட்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. நல்ல பேச்சுக்குப் பச்சை, சந்தேகத்துக்கு மஞ்சள், பிள்ளைக்கு ஆகாத பேச்சு என்றால் சிவப்பு. எந்த நேரம் விளையாடலாம், யாரோடு பேசலாம், யாரை வெட்டிவிடலாம் என்பதெல்லாம் வீட்டில் ஒரு பெரியவர் கையில். அவருக்குப் பொறுப்பாளர் என்று பெயர்.

அங்கையின் அப்பா மணிமாறன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் மலையேறினால் இருட்டித்தான் இறங்குவார். அம்மா நாகஜோதிக்கு இந்த விளக்கு, பொத்தான் சமாச்சாரம் எதுவும் பிடிபடாது. செல்வபாண்டி அம்மாவின் தம்பி. இருபத்தொன்பது வயசு, பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா மாட்டிக் கொடுக்கும் கடை. "நாளைக்குக் கட்டிக்கப் போறவந்தான, அவனே பாத்துக்கட்டும்," என்று அம்மா பொறுப்பைத் தம்பி போனில் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு அங்கைக்குப் பன்னிரண்டு வயசு. இப்போது பதினாறு. வருகிற ஆவணியில் பூ வைப்பது, பதினெட்டு முடிந்த வாரமே கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். வேண்டாம் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார்கள்.

தினமும் சாயங்காலம் மாமா விளையாட்டுக்குள் வருவார். 'என் பொண்டாட்டி என்ன கட்டுறா இன்னைக்கு' என்று கேட்டுக்கொண்டே வருவார். அங்கை அந்த விளக்கையே பார்ப்பாள். ஒரு நாளாவது மஞ்சளாகாதா என்று பார்ப்பாள். நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்று அவளுக்குச் சொன்னவள் கிலேஷ்வரி. ஊர் அழிவதற்கு முந்தின மாசம், மாமா வழக்கம்போல வந்து பேசிவிட்டுப் போன பிறகு, அக்கரையில் அவள் கல்லை வைத்த கையோடு அப்படியே நின்றாள். அவள் பேசுவதை விளையாட்டே தமிழாக்கித் தரும். அந்தத் தமிழோ செய்தி வாசிக்கிறவர் தமிழ். சிரிக்கவும் முடியாது, கேட்காமலும் இருக்க முடியாது.

"தோழி, இவர் உன் மாமா என்றாய். மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவர் அல்லவா?"

ஒரே ஒரு சொல்லை மட்டும் இயந்திரம் மாற்றவில்லை. மாமா. அவள் பாஷையிலும் அதுதான் சொல், அதே உறவு.

"ஆமா, அம்மாவோட தம்பிதான்," என்றாள் அங்கை.

"எங்கள் ஊரில் மாமாதான் என் காலைத் தொட்டு வணங்குவார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டி வலியோடு நேற்றும் குனிந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது." பிறகு, "இதே பேச்சு எங்கள் வீட்டில் நடந்திருந்தால் விளக்கு சிவந்திருக்கும்," என்றாள்.

அப்புறம்தான் வட்டாரத் தாள் பற்றிச் சொன்னாள். அவளுடைய அண்ணன் அந்தத் தாள்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தான். காப்பு வந்த புதிதில் நாடு முழுக்க ஒரே சட்டம்தான். ஒரு ஊரில் கொஞ்சுகிற வார்த்தை இன்னொரு ஊரில் வசவு. பாதி நாட்டில் அப்பன்மார்கள் ஒரே வாரத்தில் சிவந்துபோனார்கள். அதனால் மாவட்டத்துக்கு ஒரு தாள் தயாரித்தார்கள். 'இப்படிப் பேசுவது உங்கள் ஊர் வழக்கமா?' என்று ஐம்பது கேள்வி. வழக்கம் என்று பெற்றவர்கள் சொன்னதையெல்லாம் காப்பு கேட்டும் கேட்காத மாதிரி விட்டுவிடும்.

அந்தத் தாள் அங்கைக்கு ஞாபகம் இருந்தது. அம்மா கையெல்லாம் மீன் செதிலோடு குழாயடியில் உட்கார்ந்திருக்க, அவள்தான் போனைப் பிடித்துக்கொண்டு கேள்விகளைப் படித்தாள். முப்பத்தோராவதோ என்னவோ. தாய்மாமன் அக்கா மகளைப் பொண்டாட்டி என்று கேலி பேசுவது. அம்மா தலையை நிமிர்த்தாமலே ஆமான்னு போடு என்றாள். அவள் போட்டாள். பன்னிரண்டு வயசுப் பெருவிரலால்.

கிலேஷ்வரியிடம் இதை மட்டும் அவள் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னாள். எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை, யாரிடமும் சொல்லிவிடாதே என்று சொன்னாள். அந்தப் பேச்சைத்தான் மாமா ஒரு மாசம் கழித்துப் பழைய பதிவுகளைப் புரட்டியபோது படித்தார்.

ஊரும் தோழியும் போன பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. சோறு உருட்டும்போது, வேனில் போகும்போது, கணக்கு நோட்டில் கோடு போடும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்று வரைக்கும் எண்ணுவாள். எண்ணி முடிக்கும்போதெல்லாம் மாமாவின் முகம் வரும்.

எதிர் வீட்டில் அப்பாவின் தங்கை வளர்மதி அத்தை. அவள் மகன் துருவனுக்கு ஆறு வயசு. அத்தை ஜவுளிக்கடை வேலை முடிந்து வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்வது அங்கைதான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்த நாள் முதல் அத்தை சொல்லிச் சொல்லி, அவன் தன்னை அங்கையின் புருஷன் என்றே நம்பினான். பள்ளிக்கூடத்தில் கேட்டால்கூடச் சொல்வான். ஷூ லேஸ் கட்டத் தெரியாது. காலைத் தூக்கி அவள் மடியில் வைத்து, "கட்டு," என்பான். "புருஷனுக்குக் கட்டிவிடணும்ல," என்பாள் அவள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் நடந்த ஒரே சுகமான விளையாட்டு அது.

துருவனிடம் படத்துக்கு வர்ணம் பூசுகிற ஒரு விளையாட்டு இருந்தது. அதற்குப் பொறுப்பாளர் அத்தை. அத்தை எதையும் திறந்து பார்க்கிற ஆள் இல்லை. அதில்தான் ஒரு நாள், துருவனின் ஹெட்செட்டை அங்கை மாட்டியிருந்தபோது, நீல யானைக்கும் மஞ்சள் மரத்துக்கும் நடுவில் கிலேஷ்வரி வந்து நின்றாள்.

"உன்னைத் தேடி நாற்பது குழந்தைகளின் யானைகளுக்கு வர்ணம் பூசினேன், தோழி."

அங்கை அப்போதுதான் அழுதாள். அழுது முடித்ததும் கிலேஷ்வரி ஒரு விதியைச் சொன்னாள். விளையாட்டு எந்த வீட்டுக் கணக்கில் நடக்கிறதோ, அந்த வீட்டு வட்டாரத் தாள்தான் அங்கே செல்லும். யார் எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி.

"அவரை எங்கள் ஊருக்கு அழைத்து வா," என்றாள்.

சிவப்பு என்றால் என்ன ஆகும் என்று அங்கை கேட்டாள். பெயர் பிரிப்பு என்றாள் அவள். அந்தப் பெரியவர் பெயரும் பிள்ளை பெயரும் இனி எந்தப் பதிவிலும் சேர்ந்து வராது. காப்பில் வராது, பள்ளிப் படிவத்தில் வராது, கல்யாணப் பதிவில் எந்த வயசிலும் வராது.

"பேசிச் சண்டை போடலாமே என்று அண்ணன் கேட்கிறான்," என்றாள் கிலேஷ்வரி.

"வேணாம்," என்றாள் அங்கை. "அவர் என்னயக் கேட்டுட்டா அழிச்சாரு? அவரு பேரும் அப்படித்தான் போகணும். பல் குத்திட்டு உக்காந்திருக்கும்போதே போகணும்."

தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே திக்கென்றது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாள் ஆனது. கிலேஷ்வரி தன் அண்ணன் கணக்கில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினாள். நம்மூர் மண்டபத்தை அவள் கண்டதில்லை. வாசலில் வாழை மரம் கட்ட வேண்டும் என்றதற்கு வேரை மேலே வைத்துத் தலைகீழாகக் கட்டி வைத்தாள். வாழைக்குலை தரையில் கிடந்தது. அதைத் திருப்பச் சொல்லிப் புரியவைப்பதற்குள் இரண்டு யானைகளை முடித்துவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் இங்கே அங்கை மாமாவுக்குப் பிடித்த மாதிரி சிரிக்கப் பழகினாள். கேட்காமலே காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். புத்தி வந்திருச்சு என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

"மாமா, அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புதான்," என்றாள் பதினோராம் நாள். "உங்களுக்குன்னு ஒரு மண்டபம் ரெடி பண்ணியிருக்கேன். ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கேமராவை எந்தக் கோணத்தில் மாட்டலாம் என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு அவர் முகம் மலர்ந்தது. 'இது பிலாஸ்பூர் வட்டாரத்தில் நடக்கும் விளையாட்டு, சம்மதமா' என்று போன் கேட்டதை எல்லாரையும் போலப் படிக்காமலே அழுத்தினார்.

அவர் தனியாக வருவார் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். அவர் நினைத்ததோ வேறு. தனக்காக ஒருத்தி மண்டபம் கட்டியிருக்கிறாள் என்றால் அதைத் தனியாகப் பார்த்து என்ன சுகம்? ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, "அக்கா, மச்சானோட ஹெட்செட்ட மாட்டிட்டு வாக்கா," என்று கூப்பிட்டார். எதிர் வீட்டுக்கும் குரல் கொடுத்தார். அங்கை தடுக்க வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் அம்மா தூண்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மேடையில் மாமா போய் உட்கார்ந்து பக்கத்து மணையைத் தட்டினார்.

"வா பொண்டாட்டி. மாலைய எங்க வச்சிருக்க?"

விளக்கு மஞ்சளானது. அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பச்சையைத் தவிர வேறு நிறத்தை அவர்கள் பார்த்ததே கிடையாது. அடுத்த வருஷம் கழிச்சு இதே மாதிரி நெசத்துல வச்சிருவோம் என்றாள் அம்மா. சட்டம் பதினெட்டுன்னு சொல்லுது, இல்லைன்னா இந்த ஆவணியிலேயே தாலியக் கட்டிருப்பேன் என்று மாமா சிரித்தார். அத்தை உள்ளே வந்துகொண்டே, "அதெப்படி மதினி, மொத மாப்பிள்ள எம்மகன் இருக்கான்ல, அவங்கிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

தலையைவிடப் பெரிய தலைப்பாகையோடு துருவன் ஓடிவந்தான். "அங்கை, நான் வந்துட்டேன்."

"வாங்க எம் புருஷா," என்றாள் அங்கை. "ஏன் இம்புட்டு லேட்டு?"

நாக்குக்கு ஆறு வருஷப் பழக்கம். அவள் யோசிக்கவே இல்லை.

மண்டபம் அப்படியே உறைந்தது. தூண்கள், வாழை, மாமாவின் திறந்த வாய் எல்லாம். ஹெட்செட்டுக்குள் சிவப்பு மட்டும் இருந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதிலேயே முடிந்துவிட்டது. அதுவரை பேசியதற்கெல்லாம் சேர்த்துச் சுவரில் தமிழில் எழுத்துகள் வந்தன. செல்வபாண்டி, அங்கயற்கண்ணி, பெயர் பிரிப்பு. நாகஜோதி, எச்சரிக்கை. வளர்மதி, எச்சரிக்கை. மாமாவின் பெயர் அங்கே ஏறியதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அப்போதுதான் கடைசி வரி வந்தது. அங்கயற்கண்ணி, துருவன், பெயர் பிரிப்பு.

பதினாறு வயசுப் பெண், ஆறு வயசுப் பையனைப் புருஷன் என்றாள். பிலாஸ்பூர் தாளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு பியூலா என்ற அலுவலர் வந்தார். நாகர்கோவில்காரர். அந்த மூன்று நாளில் வீடு வீடாக இல்லை. அப்பா ஜீப்பை எடுக்கவில்லை. மாமா கடையிலேயே படுத்துக்கொண்டார். அம்மா முதல் நாள் அடித்தாள், இரண்டாம் நாள் அழுதாள், மூன்றாம் நாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். வழக்கந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிரு, எல்லாருக்கும் போயிரும் என்றாள். மாமா ஒரே ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார். "அவ ஆமான்னுதான் சொல்லுவா. அந்தப் பொடியன அவளால விட முடியாது."

அது உண்மை. தன்னை அவர் எவ்வளவு நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார் என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பியூலா நாகஜோதியை வெளியே அனுப்பினார். மாடிப்படியில் மாமாவின் செருப்பு நிற்பது கதவுக்கு அடியில் தெரிந்தது.

"பேடிக்காத மக்ளே, பயப்பட ஒண்ணும் இல்ல," என்றார் பியூலா. "மொத வருசம் எங்க அம்மையே சிவந்துட்டா. பேரனப் பாத்து, எந்திரில சவமேன்னு சொன்னா. காப்பு கொலை மெரட்டல்னு போட்டுட்டு. எங்க ஊருல அது கொஞ்சுகது. இந்தத் தாளு வந்த பொறவுதான் அவளுக்குப் பேச்சே வந்துச்சு."

அங்கைக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. அது பாதியில் நின்றது.

பியூலா மடியில் இருந்த தொடுதிரைப் பலகையைத் திருப்பிக் காட்டினார். வெளியூர்த் தாளில் சிவந்தால் உள்ளூரில் ஒரு தரம் கேட்க வேண்டும் என்பது சட்டமாம். பெரியவர்களிடம் கேட்டாயிற்று. எல்லாரும் ஆம். இனிப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். துருவனுக்குப் பத்து வயசு ஆகவில்லை, அவனைக் கேட்க முடியாது. அவள் சொல்வதுதான் முடிவு.

"ஆமான்னா எல்லாம் ரத்து. இல்லைன்னா எல்லாம் நிக்கும். அவனுக்குப் பதினெட்டு ஆகுறது வரைக்கும் நீ அவங்கிட்ட பேசப்படாது. எதிர்த்த வீடா இருந்தாலும்."

"ரெண்டையும் தனித்தனியாக் கேக்க மாட்டீங்களா?"

"கட்டம் ஒண்ணுதான் இருக்கு, பாத்தியா."

"நானும் மாமாவும் ஒண்ணா?"

பியூலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத எழுதுகதுக்கு இதுல எடம் இல்ல மக்ளே," என்றார்.

ஜன்னலுக்கு நேரே, எதிர் வீட்டு மாடித் தாழ்வாரத்தில் துருவன் யூனிபார்மோடு நின்றிருந்தான். வேன் வருகிற நேரம். அவளைப் பார்த்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். லேஸ் அவிழ்ந்து தொங்கியது.

பலகையில் அதே கேள்விதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் வாய்விட்டுப் படித்த அதே வரி, ஒரு எழுத்து மாறவில்லை. இப்படிப் பேசுவது உங்கள் ஊர் வழக்கமா? கதவுக்கு அடியில் செருப்பு அசையவில்லை. அவருக்கு அவசரமே இல்லை.

"இல்ல," என்றாள் அங்கை.

"எது இல்லைன்னு முழுசாச் சொல்லணும்."

"எங்க ஊர்ல அது வழக்கம் இல்ல." கதவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பெருவிரலை அவளே வைத்து அழுத்தினாள்.

செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. மெதுவாக, தேய்த்துத் தேய்த்து. அவள் எண்ணினாள். பதினோரு படி.

எதிரே துருவன் இன்னும் காலைத் தூக்கிக்கொண்டே நின்றான்.